எதிர்ச்சபை வாசலில் நின்ற வேன்

“யூதாஸோட காலையும் இயேசு கழுவுனாரா ஆன்ட்டி?”

ஞாயிறு பள்ளியில் தனுஜா என்ற சிறுமி கேட்டது இது. அப்போது அவளுக்கு ஏழு வயது. முன்பற்கள் விழுந்திருந்ததால் யூதாஸ் என்ற பெயர் பாதி காற்றாகவே வந்தது. கடைசி இராப்போசனத்தன்று இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய கதையைச் சொல்லி முடித்துவிட்டு, வண்ணம் தீட்டப் படங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஜெகதீஸ்வரி. காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலைப் பற்றி அவள் அதுவரை யோசித்ததே இல்லை. “முதல்ல நீ கலர் அடிம்மா” என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் வேதாகமத்தை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்த்தாள். யூதாஸ் எழுந்து வெளியே போனது கால் கழுவி முடிந்த பிறகுதான். அப்படியென்றால் அவனுடைய காலையும் அந்தக் கைகள் பிடித்திருக்கின்றன. விரல் இடுக்குகளில் இருந்த புழுதியைத் தேய்த்துத் துண்டால் துடைத்தும் விட்டிருக்கின்றன. அடுத்த ஞாயிறு இதைச் சொல்லலாம் என்று போனால், தனுஜாவின் அப்பாவுக்கு தூரத்து ஜொகூரில் வேலை கிடைத்துக் குடும்பமே கிளம்பிப் போயிருந்தது. சொல்ல ஆளில்லாமல் அந்தப் பதில் ஜெகதீஸ்வரியிடமே தங்கிவிட்டது.

தங்கிய பதில் சும்மா இருக்கவில்லை. பல வருடங்கள் கழித்து, சபை இரண்டாக உடைந்தபோது எழுந்து வந்து அவளைப் பாடாய்ப் படுத்தியது.

ஜெகதீஸ்வரி கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். ஜெயராஜைக் கைப்பிடித்து ஞானஸ்நானம் பெற்றபோது பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கர்த்தர் இத்தனை வருடம் என்னைக் கவனித்து வந்தது இந்தப் பெயரில்தானே, இப்போது மாற்றி அவரை ஏன் குழப்ப வேண்டும் என்று கேட்டு மறுத்துவிட்டாள். வார நாட்களில் அவள் ஃபேக்டரி வேன் ஓட்டினாள். சுங்கை பினாங் அடுக்குமாடிகளிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, கடல் பாலத்தைத் தாண்டிப் பிறையில் கொண்டுபோய் இறக்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் வேன். ஜெயராஜ் இருந்தவரை அவர்தான் அதை ஓட்டினார். அவர் இறந்த பிறகு, யாரும் கேட்காமலேயே சாவியை இவள் எடுத்துக்கொண்டாள். நடக்க முடியாத முதியவர்கள் ஏழு பேர், அந்த அடுக்குமாடிகளின் கீழே வேதாகமத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். ஹார்னை இரண்டு தடவை அடித்தால் போதும், ஒவ்வொருவராக அசைந்து வருவார்கள்.

டிரம் செட்டை ஆலயத்தில் எங்கே வைப்பது என்ற பேச்சில்தான் சண்டை தொடங்கியது. பீடத்துக்குப் பக்கத்தில் வேண்டும் என்றது ஒரு கூட்டம். வெளியே தூக்கு என்றது இன்னொரு கூட்டம். இரண்டு மாதத்தில் பாதிச் சபை எழுந்து போய், பாயான் பாருவில் ஒரு டயர் கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்துப் புதுச் சபை தொடங்கிவிட்டது. டிரம் வேண்டும் என்று கடைசிவரை நின்றவர் எழுபத்தெட்டு வயது யோகலட்சுமி டீச்சர் என்பதுதான் இதில் வேடிக்கை. நாலு கால் ஊன்றுகோல் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாதவர். ஆனால் வாய்க்கு எந்த ஊன்றுகோலும் தேவைப்பட்டதில்லை. வெளியேறிய அன்று, “இது செத்த சபை. பொணத்துக்குக் காவல் இருக்க எனக்கு நேரமில்ல” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிறு ஜெகதீஸ்வரி வழக்கம்போல வேனைக் கொண்டுபோய் நிறுத்தி ஹார்ன் அடித்தாள். நாலு பேர் வந்து ஏறினார்கள். டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் சாக்கடைக்கு அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்று வேறு திசையில் பார்த்தார்கள். டாக்ஸிக்குச் சொல்லியிருந்தார்களாம். வந்தவன் ஊன்றுகோலையும் மூன்று பேர் நிலைமையையும் பார்த்துவிட்டு, நிறுத்தாமலே போய்விட்டானாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சரின் கால்கள் நடுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. வீங்கிய, செருப்புக்குள் அடங்காத கால்கள். ஜெகதீஸ்வரி அந்தக் கால்களைப் பார்த்தாள். சொல்லாமல் விட்ட அந்தப் பழைய பதில் அப்போது நெஞ்சில் வந்து முட்டியது.

வேனைச் சுற்றிக்கொண்டுபோய் அவர்கள் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

“செத்த சபையோட வேன்ல நான் ஏற மாட்டேன்” என்றார் டீச்சர்.

“வேன் உயிரோடதான் ஓடுது டீச்சர். ஏறுங்க.”

“எங்களைக் கொண்டுபோய் உங்க சர்ச்சுல இறக்கிவிடலாம்னு பாக்குறியா?”

“உங்க சர்ச்சுலதான்லா இறக்கப் போறேன். சீக்கிரம் ஏறுங்க, எனக்கு லேட்டாவுது.”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. முன்னதாகவே வந்து ஏழு பேரையும் ஏற்றுவாள். முதலில் பாயான் பாருவுக்குப் போய், டயர் கடையின் பக்கவாட்டுப் படிக்கட்டில் டீச்சரை ஒவ்வொரு படியாகத் தாங்கி மேலே ஏற்றுவாள். மேலே டிரம் சத்தம் தொடங்கும்போது கீழே இறங்கி, மற்ற நாலு பேருடன் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பி ஓடுவாள். முதல் கீர்த்தனை முடிகிற நேரத்தில் தன் சபையின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவாள். டீச்சர் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. பிரேக் போடத் தெரியவில்லை என்பார், ஜெயராஜ் இதைவிட நன்றாக ஓட்டுவார் என்பார். ஜெகதீஸ்வரி சிரித்துக்கொள்வாள். நன்றியை எதிர்பார்த்துச் செய்கிற வேலை கூலி வேலை. அவளுக்கு அந்த வேலை வாரத்தில் ஆறு நாள் இருந்தது.

இப்படியே ஓடியிருக்கும். கெடுத்தது ஒரு நன்றிதான். புதுச் சபையின் போதகர் இளைஞர், நல்ல மனசுக்காரர். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் வேனையும் அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த சபைப் பெயரையும் பார்த்துவிட்டு, தாய்ச்சபையே சமாதானத்துக்காக அனுப்பி வைக்கிறது என்று நினைத்துவிட்டார். ஒரு ஞாயிறு மேடையில் நின்று, தாய்ச்சபையின் பெரிய மனதுக்காகக் கைதட்டச் சொன்னார். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் மத்தியானத்துக்குள் இங்கே வந்து சேர்ந்தது. தாங்கள் அனுப்பாத சமாதானத்துக்கு வந்த கைதட்டலைச் செயற்குழுவால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் செயற்குழு அவளை உள்ளே கூப்பிட்டது. பேசியவர் செயலாளர் தியாகராஜா.

தியாகராஜா கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் ஜெகதீஸ்வரிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஜெயராஜ் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து இறந்தபோது முகமெல்லாம் தாடி மண்டியிருந்தது. பெட்டியை மூட எல்லோரும் அவசரப்பட்டார்கள். தியாகராஜாதான் தடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சவரக் கத்தியும் சோப்பும் எடுத்து வந்தார். சவரம் செய்யாமல் ஜெயராஜ் ஒரு ஞாயிறாவது சர்ச்சுக்கு வந்திருக்கிறானா, இப்போது மட்டும் எப்படி அனுப்புவது என்று கேட்டார். சொந்த அண்ணனே தொடத் தயங்கிய முகத்தைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு கீறல் விழாமல் மழித்துத் துடைத்துவிட்டார். அவள் பிறகு நன்றி சொல்லப் போனபோது, அதையெல்லாம் பேசக்கூடாது என்று கையை அசைத்துவிட்டார். அந்தக் கைக்கு எதிரேதான் அவள் இப்போது உட்கார்ந்திருந்தாள்.

“ஜெகா, வேன்ல நம்ம சபைப் பேரு எழுதியிருக்கு. அது போயி அங்க நின்னா என்னா அர்த்தம்?”

“மூணு பேருக்கு நடக்க முடியலன்னு அர்த்தம் அண்ணே.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தியாகராஜா சிரிக்கவில்லை.

“நம்மளச் செத்த சபைன்னு சொல்லிட்டுப் போனவங்க அவங்க.”

“எனக்கும் சேத்துத்தானே சொன்னாங்க. நானும் இந்தச் சபைதான்.”

“ரோஷம் இல்லையா உனக்கு?”

“இருக்கு. அதான் வெயில்ல நிக்க விட மாட்டேங்குறேன். அவர் கால் கழுவுனப்ப, யாரு எந்தக் கட்சின்னு கேட்டுட்டா கழுவுனாரு?”

யூதாஸ் என்ற பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டாள். டீச்சரை யூதாஸ் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அங்கே டயர் கடை மாடியில் இங்கிருப்பவர்களைத்தான் அந்தப் பெயரால் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யார் யூதாஸ் என்று முடிவு செய்வது வேன் ஓட்டுகிறவள் வேலை இல்லை.

தியாகராஜா முடிவை வாசிப்பதுபோல் சொன்னார். சபையின் வேன் அங்கத்தினருக்கு மட்டும். சம்மதமில்லையென்றால் சாவியை வைத்துவிடலாம்.

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“இந்தாங்க. இறக்கி வச்சது இத மட்டும்தான். அவங்கள இல்ல.”

சபை வேனை ஓட்ட யுகேந்திரன் என்ற வாலிபனை ஏற்பாடு செய்தார்கள். நாலு பேரை அவன் நன்றாகவே பார்த்துக்கொண்டான். ஜெகதீஸ்வரி தன் முதலாளி சீனி முகம்மதுவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும் ஃபேக்டரி வேனைக் கேட்டாள். அவர் கதை முழுவதையும் தேத்தண்ணி ஆறும்வரை கேட்டார்.

“ஏன்க்கா, ரெண்டு கூட்டமும் ஒரே ஏசுவைத்தானே கும்பிடுறீங்க?”

“ஆமா பாய்.”

“அப்புறம் எதுக்கு ரெண்டு வேன்?”

“ஒரு வேன் போதும்னுதான் நான் சொன்னேன். யாரு கேக்குறா?”

சீட்டில் கறை படக்கூடாது, யாரிடமும் சல்லிக்காசு வாங்கக்கூடாது, வாங்கினால் சாலைப் போக்குவரத்து இலாகா ஜே.பி.ஜே.காரன் வந்து பிடிப்பான் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். இப்போது பாயான் பாருவில் போய் நின்றது எந்தச் சபையின் பெயரும் இல்லாத வேன்.

பெயர் போனதோடு விவகாரம் முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். முடியவில்லை. பிளவு நேரத்துக் கோபத்தில் செயற்குழு ஒரு விதி போட்டிருந்தது. பிரிந்து போனவர்களின் ஊழியத்துக்கு உதவும் அங்கத்தினரின் பெயர் நீக்கப்படும். வேன் யாருடையதாக இருந்தால் என்ன, உதவி உதவிதானே என்று சிலர் பிடித்துக்கொண்டார்கள்.

குருத்து ஞாயிறன்று, பிள்ளைகள் ஓலைச் சிலுவைகளோடு ஓடிக்கொண்டிருந்த முற்றத்தில் தியாகராஜா அவளை நிறுத்தினார். கைத்தடி ஊன்றியிருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் வெளியே வரத் தொடங்கியிருந்தார். மனைவி ராகினி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில்.

ஒரு வார்த்தை போதும் என்றார் அவர். தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் போகமாட்டேன் என்று குழுவின் முன் சொன்னால் எல்லாம் அடங்கிவிடும். இல்லையென்றால் ஈஸ்டருக்குப் பிறகு பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவள் மெதுவாகக் கேட்டாள். “அப்ப, ஜெயராஜ் பக்கத்துல இருக்கிற எடம்?”

தியாகராஜா கைத்தடியின் நுனியைப் பார்த்தார். “கல்லறைத் தோட்டம் அங்கத்தினருக்குத்தாம்மா. அது நான் போட்ட ரூல் இல்ல. எங்க அப்பா காலத்துலேருந்து இருக்கு.”

அந்த இடத்தை அவள் மாதம் ஒருமுறை பார்த்து வந்தாள். ஜெயராஜின் கல்லறைக்கு வலப்பக்கம், ஓர் ஆள் படுக்கிற அகலத்தில் புல் தரை. அங்கே போய் நின்றால் தனக்குப் படுக்கை விரித்து வைத்திருப்பதுபோல் இருக்கும். பிள்ளை இல்லாதவள். தனக்கென்று இந்த ஊரில் நிச்சயமாக இருப்பது அந்தப் புல் தரை ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சருக்கு வேறு யாராவது கிடைக்காமலா போவார்கள்?

கிடைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். புதுச் சபையில் கார் வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒருவருக்கு வழி சுற்று, ஒருவருக்குக் காரில் இடமில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப என்னை வேற எங்கயாவது பொதைச்சிடுங்க அண்ணே. ஜெயராஜ் கோவிச்சுக்க மாட்டாரு. மூணு பேரை நடுத்தெருவுல விட்டுட்டு வந்து பக்கத்துல படுத்தேன்னு வைங்க, அப்பத்தான் அவரு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு.”

தியாகராஜா கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“பேரை எடுத்தாலும் நான் வருவேன்” என்றாள் அவள். “கடைசி பெஞ்சு எனக்குப் பழக்கம்தான். வாசல்ல நின்னு தடுக்கணும்னா நீங்களே வந்து தடுங்க.”

செய்தி டீச்சரின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. பெரிய வியாழன் மாலை, வேலை முடிந்து வந்த ஜெகதீஸ்வரியை அடுக்குமாடியின் கீழே உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். பேசாமல் எங்களோடு வந்து சேர்ந்துவிடு, உன்னை மதிக்காத இடத்தில் உனக்கு என்ன வேலை என்று அதட்டினார்.

“அங்க கல்லறை இருக்கா டீச்சர்?”

“இன்னும் வாங்கல.”

“பின்ன டயர் கடையிலயா பொதைப்பீங்க?”

டீச்சர் முதல் தடவையாக அவள் முன்னால் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். தியாகராஜாவுக்கு இப்போதே போன் போட்டு நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பியவரை ஜெகதீஸ்வரி தடுத்தாள். நீங்கள் போட்ட சண்டையே இன்னும் முடியவில்லை, எனக்காகப் புதிதாக ஒன்று வேண்டாம் என்றாள்.

“நான் என் சர்ச்சை விட்டும் போகல டீச்சர், உங்களை விட்டும் போகல. ஞாயித்துக்கிழமை நேரத்துக்குக் கீழ வந்து நில்லுங்க, அது போதும்.”

சனிக்கிழமை அரை நாள் வேலை. பிறையிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து இறக்கிவிட்டு, வாளியும் தேய்க்கிற பிரஷ்ஷும் அரிவாளும் எடுத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஈஸ்டர் அதிகாலையில் சபையார் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு அங்கே கூடுவார்கள். அதற்கு முன் அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைப்பது வழக்கம். மற்றவர்கள் காலையிலேயே வந்து முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். உச்சி வெயிலில் யாரும் இல்லை.

ஜெயராஜின் கல்லறையைக் கழுவினாள். கொண்டுவந்த செவ்வந்தியில் பாதியை வைத்தாள். வலப்பக்கத்துப் புல் தரையை ஒருமுறை பார்த்தாள். அதில் முளைத்திருந்த களையையும் பிடுங்கிப் போட்டாள். நாளைக்கு வேறு யார் படுத்தாலும், படுப்பது ஜெயராஜ் பக்கத்தில்தானே. சுத்தமாக இருக்கட்டும்.

கிளம்பும்போதுதான், இரண்டு வரிசை தள்ளி அந்தக் கல்லறை கண்ணில் பட்டது. லாலாங் புல் இடுப்பளவுக்கு ஏறிக் கல்லை மூடியிருந்தது. ராகினி தியாகராஜா. முழங்காலை வைத்துக்கொண்டு அவர் மாதக்கணக்கில் இந்தப் பக்கம் வந்திருக்க முடியாது. யாரிடமும் கேட்டிருக்கவும் மாட்டார். கேட்கிற மனிதர் அல்ல. நாளை விடியலில், எல்லாக் கல்லறைகளிலும் பூவும் வெளிச்சமுமாக இருக்கும்போது, கைத்தடியை ஊன்றிக்கொண்டு இந்தப் புதருக்கு முன்னால் வந்து நிற்பார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

புல் வேரோடு வர மறுத்தது. அதன் விளிம்பு விரல்களை அறுத்தது. வெட்டியதைக் கட்டிக் கட்டி ஒதுக்கினாள். குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிப் பாசியைத் தேய்த்தாள். எழுத்துகளுக்குள் அப்பியிருந்ததை பிரஷ் எடுக்கவில்லை. கல்லுக்கு முன் உட்கார்ந்து, தலைப்பக்கத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி, மூங்கில் குச்சியால் ஒவ்வோர் எழுத்தாக வழித்து எடுத்தாள். கீறல் விழாமல் பார்த்துக்கொண்டாள். கடைசியில் தன் தோள் துண்டால் கல்லின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அவர் நாளைக்குப் பார்த்துவிட்டு, தோட்டக்காரன் செய்திருப்பான் என்று நினைத்துக்கொள்வார். அவனுக்கு ஏதாவது கொடுக்கவும் கொடுப்பார். கொடுக்கட்டும்.

மீதிப் பூவை வைத்தாள். வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் யார் வேலை என்று விசாரிப்பார்கள் என்று, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்து முதுகில் போட்டுக்கொண்டு வேனுக்கு நடந்தாள்.